இலங்கைப் பெயர், பொதிகைச் செடி

பாபநாசத்தில் தாமிரபரணியைப் பார்க்கும்போதெல்லாம், அது பிறந்த பொதிகையில் தரையோடு தரையாக வளரும் ஒரு சிறு செடியை நான் நினைத்துக்கொள்வேன். ஆரோக்கியப்பச்சை என்று பெயர். 1788-ல் கேர்ட்னர் என்ற ஜெர்மானியர் அதற்கு 'டிரைக்கோபஸ் ஸெய்லானிகஸ்' என்று நாமகரணம் செய்தார். பெயரில் இலங்கை உண்டு, பொதிகை இல்லை.

குலம் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாயிற்று. இதய வடிவ இலையையும் வலை நரம்பையும் கண்டால் இரட்டை வித்திலைச் செடி என்றே தோன்றும். உண்மையில் ஒற்றை வித்திலை. வள்ளிக்கிழங்குக் கொடிக்கு உறவு. தனிக் குடும்பம் என்றுகூடச் சிலர் ஒதுக்கி வைத்தார்கள். இப்போது வள்ளிக் குடும்பத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அதன் ஒரே உடன்பிறப்போ கடல் கடந்து, ஆப்பிரிக்காவுக்கு அருகே மடகாஸ்கரில் இருக்கிறது!

1987-ல் மலையேறிய ஆராய்ச்சியாளர்கள் களைத்துப் போனார்கள். வழிகாட்டிய காணிக்காரர்களோ அதன் காயைத் தின்றுகொண்டு சோர்வின்றி நடந்தார்கள். கேட்டதற்குத் தயங்கித்தான் சொன்னார்கள். அதிலிருந்து 'ஜீவனி' மருந்து பிறந்தது; உரிமைத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடாயிற்று.

நல்ல காரியந்தான். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. செடிக்கு லத்தீனில் பெயர் வைத்தவரை ஏடு மறப்பதில்லை. அதன் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களுக்கு அந்தப் பெயரில் ஓர் எழுத்தாவது உண்டா?