சொன்ன நேரம்

2021 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு ஒன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. அந்த நேரத்தில் அடிக்கும் தொலைபேசிக்கு எங்கள் வீடுகளில் ஒரே அர்த்தந்தான். ஊரில் யாரோ போய்விட்டார்கள். ஆனால் அன்று பேசியது ஊர் அல்ல, எங்கள் பெடியன். 401 நெடுஞ்சாலையில் மணிக்கு 168 கிலோமீற்றரில் இன்னொரு காருடன் போட்டி போட்டு ஓடிப் பிடிபட்டிருந்தான். காரை அந்த இடத்திலேயே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவனை ஏற்றிவர யாராவது வரவேண்டுமாம்.

'நாங்கள்' என்று இங்கே எழுதுவது இரண்டு பேரை. மச்சான்மார். ஒருவருடைய தங்கையை மற்றவர் கட்டியிருக்கிறார். பெடியன் ஒருவருக்கு மகன், மற்றவருக்கு மருமகன். அன்றிரவு யாருக்கு எந்த உறவு என்று பார்க்கவில்லை. இருவரும் சாரத்துக்கு மேலே ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு புறப்பட்டோம். பெற்றோல் நிலையத்துக் கோப்பிக்கடையில் தலை குனிந்து நின்றான். வீடு வரும்வரை ஒருவரும் பேசவில்லை. வாசலில் தாய் நின்றாள். அவளும் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஒன்ராறியோவில் 2007 இலிருந்து இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. 2021 கோடையில் அதை இன்னும் இறுக்கியிருந்தார்கள். கார் 14 நாள் பொலிஸ் காவலில். லைசென்ஸ் 30 நாள் பறிப்பு. இது வழக்குக்கு முன்னமே. அடுத்த வசந்தத்தில் வழக்கு முடிந்தபோது 2000 டொலர் தண்டம், ஒரு வருடம் கார் ஓட்டத் தடை. தாய் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "அவன் செத்தா நான் ஆரைக் கேக்கிறது? உங்கள் ரெண்டு பேரையும்தான் கேப்பன்."

அவள் எங்களைக் கேட்டதில் நியாயம் இருந்தது. கார்ப் பைத்தியம் அவனுக்கு எங்களிடமிருந்து வந்தது. ஊரில் எங்களுக்குக் கராஜ் இருந்தது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் என்று யாழ்ப்பாணம் கைவிடாத கிழட்டுக் கார்கள் எல்லாம் எங்கள் கைக்குள்ளால் போனவை. ஸ்காபரோவுக்கு வந்தபின் பெடியனுக்குத் தாலாட்டுப் பாடியதைவிடக் காபரேற்றர் கதை சொன்னதுதான் அதிகம்.

"ஓடத்தான் வேணுமெண்டால் ஓடுற இடத்தில ஓடட்டும்" என்று எங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர் தலையாட்டினார். அப்படித்தான் இது தொடங்கியது.

டிராக் பந்தயம் என்பது பார்ப்பதற்கு மிக எளிமையானது. வளைவு கிடையாது. இரண்டு கார்கள், பக்கத்துப் பக்கத்தில், நின்ற நிலையிலிருந்து கால் மைல், அதாவது 402 மீற்றர், நேரே ஓடவேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் அமெரிக்காவில் வெறுமையாய்க் கிடந்த விமானத்தளங்களில் இந்தப் பந்தயம் வளர்ந்தது. தெருவில் ஓடிச் சாகிற இளைஞர்களைத் தெருவிலிருந்து அகற்றவேண்டும் என்பது அதை ஒழுங்குபடுத்தியவர்களின் நோக்கங்களில் ஒன்று. 1951 இல் வோலி பார்க்ஸ் தொடங்கிய என்.எச்.ஆர்.ஏ. என்ற சங்கத்தின் விதிகளைத்தான் இன்றும் பல தடங்கள் பின்பற்றுகின்றன. எழுபது வருடத்துக்கு முந்திய தகப்பன்மாருக்கும் எங்களுக்கும் ஒரே கவலைதான் என்று அறிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கார் ஒஷாவாவில் கிடைத்தது. விற்றவர் எண்பதை நெருங்கும் வெள்ளைக்காரர். கார்த் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். 1968 ஆம் ஆண்டின் போமொன்ற், இரண்டு கதவு, மங்கிய நீலம். பெடியன் செல்பேசியில் தேடிப் பார்த்தான். அமெரிக்காவில் அப்படி ஒரு கார் விற்கப்படவே இல்லை. காரணம் சுங்கவரி. 1965 இல் இரண்டு நாடுகளும் வாகன ஒப்பந்தம் செய்யும்வரை எல்லை தாண்டி வரும் கார்களுக்கு வரி அதிகம். அதனால் ஜி.எம். நிறுவனம் கனடாவுக்கென்றே சில கார்களைச் செய்தது. உடம்பு செவ்ரலே செவெல்லினுடையது, எஞ்சினும் செவ்ரலே, விற்பது பொன்ரியாக் முகவர்கள். ஒப்பந்தத்துக்குப் பிறகும் சில காலம் இந்த வழக்கம் நீடித்தது. 1966 இலிருந்து 1969 வரை போமொன்ற் தனிப் பெயராகவே இருந்தது.

"அப்ப இது செவ்ரலேயும் இல்லை, பொன்ரியாக்கும் இல்லை" என்றான் பெடியன். கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றான். "எங்களை மாதிரி."

மசில் கார் என்று இங்கே சொல்லப்படுவது நடுத்தர உடம்பில் பெரிய எஞ்சினைத் திணித்த கார். 1964 இல் பொன்ரியாக் ஜி.ரி.ஓ. 6.4 லீற்றர் எஞ்சினுடன் வந்தபோது தொடங்கிய மோகம், காப்புறுதிக் கட்டணமும் புகைச் சட்டங்களும் 1973 இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அழுத்த, பத்து வருடத்துக்குள் அடங்கிப்போனது. போமொன்றிலும் எஸ்.டி.396 என்று ஒரு முரட்டு வகை உண்டு. அதன் விலைக்கு நாங்கள் வீட்டை அடகு வைக்கவேண்டும். எங்களுடையது குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற வகை. முன்பு வைத்திருந்த யாரோ பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒரு 350, அதாவது 5.7 லீற்றர் வி8, போட்டிருந்தார். இரண்டே கியர் உள்ள பவர்கிளைட் பெட்டி. இரண்டு கியரா என்று முதலில் சிரித்தோம். பிறகுதான் தெரிந்தது, உடைவதற்கு அதில் அதிகம் இல்லை என்பதால் டிராக் ஓடுபவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள் என்று.

அந்தக் குளிர்காலம் முழுவதும் கராஜில் கழிந்தது. ஒரு சின்னக் கணகணப்பு அடுப்பு, மூன்று பேர். பிறேக் குழாய்கள் எல்லாம் புதிதாகப் போட்டோம். இருக்கைப் பட்டிகளை மாற்றினோம். பற்றறி அசையாமல் இரும்புப் பட்டி போட்டோம். ஓடும் வேலைக்கு முதல் நிற்கும் வேலை என்று பெடியனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னோம்.

மார்ச்சில் முதன்முதலாக ஸ்ராட் பண்ணப் பார்த்தோம். மாதக்கணக்காய்ப் பெற்றோல் ஏறாத காபரேற்றர் காய்ந்து கிடந்தது. எங்களில் ஒருவர் பழக்கதோஷத்தில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் பெற்றோலை எடுத்து, மூடியில் ஊசித்துளை போட்டு, காபரேற்றர் வாய்க்குள் சொட்டுச் சொட்டாக விட்டார். மற்றவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இடிபோலப் பிடித்தது. பெடியன் கையைத் தட்டினான். நாங்கள் தட்டவில்லை. போத்தலைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மாமா? என்னப்பா?" என்றான்.

அன்றுதான் சொன்னோம்.

1990 இல் பலாலித் தளத்தைச் சுற்றியிருந்த ஊர்கள் எல்லாம் எழும்பியபோது எங்கள் ஊரும் எழும்பியது. நாங்கள் மானிப்பாயில் ஒரு வாடகை வளவில் கராஜைப் போட்டோம். பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. முதலில் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எஞ்சின் தட்டாமல் இருக்க ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவோம். ஹெட்டுக்குக் கீழே இன்னொரு காஸ்கெற் வைத்து அமுக்கத்தைக் குறைப்போம். எஞ்சினைப் பலவீனமாக்குவதுதான் அப்போது எங்கள் தொழில். பெற்றோலைக் கால் போத்தல் கணக்கில் விற்றோம். அதில் நல்ல லாபம்.

1992 இல் ஒரு பின்னேரம் எங்கள் கடைசித் தம்பி செல்லில் காயப்பட்டான். ஏ40 முற்றத்தில் நின்றது. பின் ஆசனத்தில் கிடத்திவிட்டுப் போத்தலைத் தேடினோம். வெறும் போத்தல். கடைசிக் கால் போத்தலை மூன்று மணிக்குத்தான் விற்றிருந்தோம். விலை நல்ல விலை. காரைத் தள்ளினோம். பக்கத்து வீட்டார் தள்ளினார்கள். மண்ணெண்ணெய் பற்றவில்லை. யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து ஒரு மூடி பெற்றோல் எடுத்துத் தந்து கார் கிளம்பும்போது அரை மணித்தியாலம் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு ஐந்து மைல். வழியில் இரண்டு தரம் நின்றது. வாசலை அடைந்தபோது அவனுடைய கை எங்கள் கையில் இருந்தது, அவன் இல்லை.

நேரத்துக்குப் போயிருந்தால் தப்பியிருப்பானா என்று டொக்டரிடம் நாங்கள் கேட்கவில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை. பெடியனுக்கு வைத்திருப்பது அவனுடைய பெயர்.

கதையைக் கேட்டுவிட்டு அவன் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சினை நிறுத்தினான். கீழே கிடந்த சாவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அளவுப்படி அடுக்கினான். அதற்குப்பின் கூப்பிடாமலே கராஜுக்கு வரத் தொடங்கினான்.

2022 ஜூனில் அவனுக்கு லைசென்ஸ் இல்லை. ஆகவே முதலில் ஓடவேண்டியவர்கள் நாங்கள்தான். ஸ்காபரோவிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம், எரி ஏரிப் பக்கமாக, கயூகா என்ற ஊருக்கு அருகில் தடம் இருக்கிறது. அதுவும் போர்க்கால விமானத்தளம் இருந்த இடம். ஓர் ஓடுபாதைக்காக ஊரைப் பறிகொடுத்த நாங்கள் இன்னோர் ஓடுபாதையில் நுழைவுச்சீட்டு வாங்கி நின்றோம்.

முதலில் பரிசோதனை. எண்ணெய் ஒழுகுகிறதா, சில்லு நட்டுகள் இறுக்கமா, அக்சிலரேற்றர் ஸ்பிறிங் காலை எடுத்ததும் திரும்புகிறதா, பற்றறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் கட்டாயம். கால் மைலை 14 செக்கனுக்குள் ஓடுபவர்களுக்குத்தான் ஹெல்மெற் கட்டாயம். எங்கள் காருக்கு அந்தக் கவலை இல்லை. ஆனாலும் தங்கச்சியின் கட்டளைப்படி போட்டுக்கொண்டோம். கண்ணாடியில் வெள்ளை மையால் எண் எழுதினார்கள். பின் பெட்டியிலிருந்த பாரம் எல்லாவற்றையும் இறக்கினோம், மத்தியானச் சாப்பாட்டைத் தவிர.

பெடியன் பாடமாக்கி வைத்ததை ஒப்பித்தான். "முன்னால தண்ணி நிக்கும். அதுக்குள்ள போகாதேங்கோ. சுத்திப் போங்கோ." ரயரைச் சுழற்றிச் சூடாக்கும் பெரிய கார்களுக்காக விட்ட தண்ணீர் அது. எங்களுடையதைப் போன்ற வரி உள்ள தெரு ரயர் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய்ப் புறப்படும் கோட்டில் ஒழுகவிடும். பிறகு தானே வழுக்கும். புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் பிழை இதுதானாம்.

கோட்டில் ஒரு விளக்குமரம். 'கிறிஸ்மஸ் மரம்' என்பார்கள். மேலே சின்ன விளக்குகள், கார் சரியான இடத்தில் நிற்கிறதா என்று காட்ட. அதன்கீழ் மூன்று மஞ்சள், அரைச் செக்கனுக்கு ஒன்றாக எரிந்து இறங்கும். பிறகு பச்சை. முந்திப் புறப்பட்டால் சிவப்பு. பச்சையைக் கண்டு புறப்படுபவன் பிந்திவிட்டான். கடைசி மஞ்சளிலேயே காலை மிதிக்கவேண்டும்.

எங்களுக்கு அது தெரியும். ஆனாலும் முப்பது வருடமாகச் சிவப்புக்கும் பச்சைக்கும் பயந்து கார் ஓடியவர்கள். பச்சை வரும்வரை நின்றோம். பச்சை வந்தபிறகும் ஒரு கணம் நின்றோம். பக்கத்து ஓடுதடத்தில் நின்றது பிள்ளைகளுக்கான இருக்கை பூட்டிய குடும்ப வான். ஒரு பெண் ஓட்டினாள். எங்கள் வி8 உறுமி முடிப்பதற்குள் அவள் பாதித் தூரம் போய்விட்டாள். சீட்டில் எழுதியிருந்தது: 16.84 செக்கன், மணிக்கு 82 மைல். பெடியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த இரவுக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்தது அன்றுதான். எங்களுக்கு வானிடம் தோற்றது பெரிதாகப் படவில்லை.

அன்று நாலு தரம் ஓடினோம். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றினோம். பின் ரயரில் காற்றைக் குறைத்தோம். பிறேக்கையும் அக்சிலரேற்றரையும் சேர்த்து மிதித்துக் கொஞ்சம் இழுத்து வைத்துப் புறப்பட்டோம். ரைமிங்கை மொத்தம் 34 பாகைக்கு முன்னே கொண்டுவந்தோம். ஊரில் பின்னுக்குத் தள்ளிய கைகள்தான். கடைசி ஓட்டம் 16.31.

2023 வசந்தத்தில் பெடியனுக்கு லைசென்ஸ் திரும்பியது. ஜூலையில் அவன் ஓடினான். முதல் ஓட்டமே 15.97. அன்றுதான் போட்டியில் சேர்வதைப் பற்றிப் பேசினோம். எங்களைப் போன்றவர்கள் சேரும் போட்டியின் முறை விசித்திரமானது. ஓடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் கார் எத்தனை செக்கனில் ஓடும் என்று கண்ணாடியில் எழுதவேண்டும். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, மெதுவான காரை முதலில் விடுவார்கள். அப்போது பழைய போமொன்றும் பத்துச் செக்கன் காரும் சமம். ஆனால் எழுதிய நேரத்தைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. தன் காரையும் தன்னையும் அறிந்து, சொன்னபடி ஓடுபவனுக்குத்தான் அங்கே மதிப்பு.

செப்ரெம்பரில் தாயையும் கூட்டிக்கொண்டு போனோம். கம்பி வேலிக்குப் பின்னால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். பெடியன் கண்ணாடியில் 15.90 என்று எழுதினான். 15.93 ஓடி முதல் சுற்றில் வென்றான். இரண்டாம் சுற்றில் அவசரப்பட்டுச் சிவப்பு விளக்கு. திரும்பி வந்தபோது முகம் சின்னதாக இருந்தது. தாய் வென்ற சீட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"இதில எது நீ சொன்னது, எது நீ ஓடினது?"

காட்டினான்.

"அப்ப நீ சொன்னதுக்குப் பிந்தித்தானே வந்தனி. பிறகெப்பிடி வெண்டனி?"

"பிந்தினாப் பரவாயில்லையம்மா. முந்தினாத்தான் பிழை."

சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். இப்போது அது குளிர்சாதனப் பெட்டிக் கதவில், மின்சார பில்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அவன் மாறிவிட்டான் என்று எழுத எங்களுக்குத் துணிவில்லை. இருபத்துமூன்று வயதுப் பெடியன். சனி இரவுகளில் தொலைபேசி அடித்தால் இன்னமும் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் அடிக்கிறது. போன கிழமை பதினொன்றரைக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க வந்தான். நாங்கள் இருவரும் வரவேற்பறையில் விழித்திருந்தோம். தாய்தான் கதவைத் திறந்தாள். மணிக்கூட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"பரவாயில்லை" என்றாள். "பிந்தித்தான் வந்திருக்கிறாய். வா, சாப்பிடு."