கத்திக்குச் செய்த உபசாரம்

என் தகப்பனார் எனக்கு விட்டுச் சென்ற ஆஸ்திகளில் ஒன்று ஒரு மடக்குக் கத்தி. விரல் நீளம், கொம்புப் பிடி, இரு முனைகளிலும் பித்தளைப் பூண். நாற்பது வருஷ காலம் அது அவருடைய சட்டைப் பையில் சாவிக் கொத்தோடும் சில்லறையோடும் உருண்டு கிடந்தது. மாம்பழம் நறுக்கும், பென்ஸில் சீவும், தபால் உறை கிழிக்கும். அதற்கென்று அவர் செய்த மரியாதையெல்லாம், வேலை முடிந்ததும் மேல்துண்டின் நுனியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். ஆயினும் அலகில் துரு என்பதே கிடையாது. பூணோ, கை பட்டுப் பட்டுப் பொன் போல் மின்னும்.

அவர் காலமான பின் அதைப் பொக்கிஷமாகப் போற்ற விரும்பினேன். செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் சொல்லி, ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் அளவாக ஓர் உறை தைத்து வாங்கினேன். கத்தியை அதில் இட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்தது. தை மாதம் அப்பாவின் திதியன்று எடுத்துப் பார்த்தவன் திடுக்கிட்டுப் போனேன். பூண் முழுவதும் பச்சைக் களிம்பு. அலகின் முதுகில் உறை தொட்ட இடமெல்லாம் கருந்திட்டு, நடுநடுவே செந்துரு.

தைத்தவர் மேல் குற்றமில்லை. குற்றமெல்லாம் என் அன்பின் மேல்தான். தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக் கொள்ளும். பட்டையில் பதனிட்ட தோலில் துவர்ப்புச் சத்து தங்கியிருக்கும். அது ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் கறுக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோருக்கு இது புது சங்கதியல்ல. தோலிலுள்ள அமிலமும் கொழுப்பும் பித்தளையின் செம்போடு சேர்ந்து பச்சைக் களிம்பாகின்றன. குரோமிய உப்பில் பதனிட்ட தோலிலும் அமிலம் எஞ்சியிருக்கக் கூடும். நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு கூட இந்தச் சகவாசத்தில் நாளடைவில் கறைபடலாம்.

பூணைப் புளி போட்டு விளக்கப் போனேன்.

"வேண்டாம், குத்துவிளக்குக்குப் புளி சரி. இதில் கீலுக்குள் இறங்கினால் இரும்பையல்லவா அரித்துவிடும்?" என்று தடுத்தாள் என் மனைவி.

எண்ணெய் தொட்ட துணியால் இருவரும் மெள்ளத் துடைத்தோம். களிம்பு போயிற்று. அலகின் முதுகில் மூன்று சிறு குழிகள் மட்டும் போகவில்லை.

இப்பொழுது முறை வேறு. கத்தியை உலரத் துடைத்து, தையல் இயந்திரத்துக்கு இடும் எண்ணெயை அலகிலும் கீலிலும் ஒரு சொட்டுத் தடவுகிறேன். தேங்காயெண்ணெய் உதவாது, நாளானால் பிசுபிசுத்துப் போகும். பிறகு உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றித் தகர டப்பாவில் வைக்கிறேன். துணைக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று. தோலுறை வேறோர் இடத்தில் இருக்கிறது. வெளியே எடுத்துச் செல்லும்போது மட்டும் அதற்கு வேலை. மாதம் ஒரு முறை டப்பாவைத் திறந்து பார்ப்பது வழக்கம்.

சென்ற முறை திறந்தபோது மேஜை மேல் ஒரு மாம்பழம் இருந்தது. நறுக்கினேன். பிறகு மேல்துண்டின் நுனியால் கத்தியைத் துடைத்தேன்.