அமிழ்ந்த கிரயம்

எங்கள் வீட்டு அலுமாரியின் மேற்தட்டிலே பதினொரு கொப்பிகள் பல காலம் உறங்கிக் கிடந்தன. பழுப்புத் தாளால் உறையிட்டு, ஒவ்வொன்றின் மேலும் பாடத்தின் பெயரை அழகாக எழுதி வைத்திருந்தேன். இலண்டன் முகாமைக் கணக்காளர் பரீட்சைக்காகப் பகலிற் கந்தோரில் உழைத்து, மாலையில் வெள்ளவத்தையிலிருந்த வகுப்புக்குச் சென்று, மூன்றாண்டுகளாக எழுதிச் சேர்த்த குறிப்புகள் அவை. மாணவர்கள் 'சீமா' என்று சுருக்கமாக அழைக்கும் அந்தத் தகைமையை நான் முடிக்கவில்லை. 2013இல் எங்கள் தகப்பனார் காலமானார். குடும்பப் பாரம் என் தோளில் ஏறியது. நான்கு பாடங்களிலே தேறியிருந்த நான், "அடுத்த தவணை எழுதலாம்" என்று என்னையே தேற்றிக்கொண்டு கொப்பிகளை மேலே ஏற்றி வைத்தேன்.

அந்த அடுத்த தவணை வரவேயில்லை. 2015இல் பாடவிதானமே மாறிவிட்டது.

நான் படித்த காலத்திலே மே மாதத்திலும் நவம்பர் மாதத்திலுமே பிரதான பரீட்சைகள் நடைபெறும். மூன்று மணி நேரம் விரல் நோகப் பேனாவால் எழுதவேண்டும். இறுதி விடை பிழைத்தாலும், செய்த வழி சரியாயின் அதற்குரிய புள்ளிகள் கிடைக்கும். புதிய முறையிலோ, ஒவ்வொரு பாடத்துக்கும் கணினியின் முன் அமர்ந்து 90 நிமிடங்களில் 60 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியதாயிற்று. வழிக்குப் புள்ளியில்லை, விடை சரியா, பிழையா என்பதே கேள்வி. மூன்று படிகள், படிக்கு மூன்று பாடங்கள். ஒவ்வொரு படியின் முடிவிலும் ஒரு கற்பனை நிறுவனத்தின் வரலாற்றையும் கணக்குகளையும் முன்கூட்டியே தந்து, அதன் சிக்கல்களை ஆராய்ந்து எழுதச்செய்யும் மூன்று மணி நேரப் பரீட்சை.

2019இல் பாடவிதானம் மீண்டும் மாறிற்று. அவ்வாண்டிலேதான் என் தங்கை அதே படிப்பைத் தொடங்கியிருந்தாள். நான் பெருமையோடு ஏணிவைத்து ஏறிக் கொப்பிகளை இறக்கி, தூசிதட்டி அவள் மேசையில் அடுக்கினேன். அவள் இரண்டு நாட்கள் புரட்டிப் பார்த்துவிட்டுத் தயக்கத்தோடு வந்தாள்.

"அண்ணா, குறை நினைக்காதீர்கள். இதிலே பாதியை இப்பொழுது இந்த விதமாகக் கேட்பதில்லை. கணினித் தொழில்நுட்பம், தரவுகள், இணையவழித் திருட்டினால் வரும் ஆபத்து என்று எத்தனையோ புதிதாகச் சேர்ந்திருக்கின்றன."

"கணக்கென்றால் கணக்குத்தான். ஐந்தும் மூன்றும் இலண்டனிலும் எட்டு, யாழ்ப்பாணத்திலும் எட்டு" என்றேன். குரலிலே சிறிது கோபமும் இருந்திருக்க வேண்டும். அவள் மறுத்துப் பேசவில்லை. நான் சொன்னபடியே, ஒவ்வொரு கணக்கையும் வரிவரியாக அழகாக எழுதிப் பழகினாள். முதற் பாடத்திலேயே தோற்றாள். நேரம் போதவில்லை. அவளுடைய தோல்வியில் என் பிடிவாதத்துக்கும் பங்குண்டு என்பது எனக்குத் தெரிந்தது. அன்றிரவு எனக்கு உணவு இறங்கவில்லை.

அதன்பின் அவள் தன் வழியிலே படித்தாள். ஒன்றன்பின் ஒன்றாகத் தேறினாள். எனக்கோ உள்ளூர ஓர் ஆசை மீண்டும் துளிர்த்தது. முன்னர் தேறிய பாடங்களை வைத்துக்கொண்டு நானும் தொடர்ந்தால் என்ன? மாதாமாதம் சிறிது பணத்தை எவருக்கும் சொல்லாமல் ஒதுக்கி வந்தேன்.

பின்னர் 2022 பிறந்தது. அவ்வாண்டு பட்ட துன்பத்தை எவரும் மறந்திருக்க முடியாது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாவையும் கடந்தது. நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. பரீட்சைக் கட்டணமோ பவுணிலே செலுத்த வேண்டியது. இருவருக்கென்று நான் போட்டு வைத்திருந்த கணக்கு ஒருவருக்கே போதுமென்றாயிற்று.

ஒரு நாள் மெழுகுதிரி வெளிச்சத்திலே உண்மையைச் சொன்னேன். "இந்தப் படிப்புக்காக மூன்று வருடமும் பெருந்தொகைப் பணமும் செலவழித்துவிட்டேன். இப்பொழுதும் விட்டால் அத்தனையும் வீண்தானே?"

தங்கை எழுந்துபோய் என் கொப்பிகளில் ஒன்றை எடுத்து வந்தாள். ஒரு பக்கத்தைத் திறந்து என்முன் வைத்தாள். என் கையெழுத்திலேயே தலைப்பு இருந்தது: 'அமிழ்ந்த கிரயம்'. முன்பே செலவாகி மீட்க முடியாது போன பணம், இனிச் செய்யும் தீர்மானத்தைப் பாதிக்கலாகாது. இன்றிலிருந்து வரப்போகும் செலவையும் நன்மையையும் மட்டுமே ஒப்பிட வேண்டும். சிவப்பு மையால் அடிக்கோடும் இட்டிருந்தேன்.

"இந்தப் பக்கம் மட்டும் மாறவில்லை, அண்ணா" என்றாள்.

இருவரும் கணக்குப் பார்த்தோம். அவள் இரண்டாம் படியின் இறுதிப் பரீட்சைக்கு ஆயத்தமாக நின்றாள். தேறினால் நல்ல உத்தியோகத்துக்கு வழி திறக்கும். நான் தொடங்கினால் முடிக்கப் பல வருடமாகும். பணம் அவளுக்கே சென்றது. அதைத் தியாகமென்று நான் சொல்லமாட்டேன். அது சரியான தீர்மானம், அவ்வளவே.

அந்தப் பரீட்சைக்குரிய கற்பனை நிறுவனத்தின் விவரங்களை அவள் வாசித்தபோது நானும் அருகில் அமர்ந்தேன். களஞ்சியத்திலே சரக்குத் தேங்கினால் முகாமையாளர் என்ன கேட்பார், கடன் திரும்பாத வாடிக்கையாளரோடு எப்படிப் பேசுவது என்பன கந்தோரிலே பல வருடம் பழகிய எனக்குத் தெரிந்தவை. அப்பொழுதுதான் மாற்றத்தின் காரணமும் விளங்கியது. 1919இல் இச்சங்கம் பிறந்தபோது, தொழிற்சாலைப் பொருளொன்றுக்கு என்ன கிரயம் விழுந்தது என்று கண்டு சொல்வதே பெரிய வேலை. இன்று அந்தக் கூட்டலையும் கழித்தலையும் இயந்திரம் நொடியிற் செய்கின்றது. அந்த விடை எதைச் சொல்கின்றது என்று மேலாளருக்கு விளக்குவதற்கே மனிதன் தேவைப்படுகின்றான்.

தங்கை 2024இல் எல்லாப் பரீட்சைகளையும் முடித்தாள். முதற் சம்பளத்திலே எனக்கு ஒரு புதிய கொப்பி வாங்கி வந்தாள். அதனுள்ளே பரீட்சைக் கட்டணத்துக்கான பணம் இருந்தது. "இனி உங்கள் முறை" என்றாள்.

நான் இப்பொழுது அவளிடம் பாடம் கேட்கிறேன். வேகம் போதவில்லை என்று அவள் கண்டிக்கிறாள். மாணவத் தம்பி தங்கையரே, பாடவிதானம் மாறுகிறதென்று மனம் சோராதீர்கள். மூத்தவர்களின் கொப்பியிலே எந்தப் பக்கம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். என்போன்ற மூத்தவர்களுக்குச் சொல்வது ஒன்றே: மற்றப் பக்கங்களுக்காக இளையவர்களோடு வழக்காடாதீர்கள்.