அலெக்ரோன்னா வேகம் மட்டும்தானா?

மேற்கத்திய கிளாசிக்கல் இசை சிடி எதையாவது திருப்பிப் பின்னட்டையைப் பாருங்க. பாட்டோட பேர் இருக்க வேண்டிய இடத்துல அலெக்ரோ, விவாச்சே, பிரெஸ்டோன்னு போட்டிருக்கும். எல்லாமே இத்தாலிய வார்த்தைங்க. ஜெர்மன்காரரான பீத்தோவன் எழுதினதுக்கும் இதே கதைதான். காரணம், 17ஆம் நூற்றாண்டுல ஐரோப்பா முழுக்க இத்தாலிய இசைக்காரங்க ராஜ்ஜியம். அவங்க பேச்சே இந்தத் தொழிலோட மொழியாயிடுச்சு.

பாடப் புத்தகத்தைக் கேட்டா அலெக்ரோ வேகம், விவாச்சே இன்னும் வேகம், பிரெஸ்டோ ரொம்ப வேகம்னு சொல்லும். பரீட்சைக்கு இது போதும். ஆனா இத்தாலிய மொழியில அலெக்ரோன்னா "குஷியான"ன்னு அர்த்தம். விவாச்சேன்னா "துடிப்பான". மூணுல பிரெஸ்டோ மட்டும்தான் நேரடியா "சீக்கிரம்". முதல் ரெண்டும் மனநிலையைச் சொல்ற வார்த்தைங்க!

கூட வர்ற ஒட்டுகளும் சுவாரசியமானவை. அலெக்ரெட்டோன்னா கொஞ்சம் அடங்கின அலெக்ரோ. "கோன் பிரியோ"ன்னா உற்சாகத்தோட. "மா நோன் ட்ரோப்போ"ன்னா "ஆனா ரொம்ப வேணாம்". (நம்ம வீட்டுல காரம் போடும்போது சொல்ற மாதிரியே இருக்குல்ல?)

சிக்கல் எங்கேன்னா, 1725ல வெளிவந்த விவால்டியோட 'வசந்தம்' அலெக்ரோவுல ஆரம்பிக்கும். பறவைச் சத்தம், குதூகலம், எல்லாம் சரி. மொஸார்ட் 1788ல எழுதின 40ஆவது சிம்பொனியோட தொடக்கமும் "மோல்ட்டோ அலெக்ரோ"தான். அதாவது "ரொம்பக் குஷி". கேட்டுப் பாருங்க, மனசு பதறும். குஷி கழண்டு போய் வேகம் மட்டும் மிஞ்சிடுச்சு.

இதே கடுப்பு பீத்தோவனுக்கும் இருந்தது. அலெக்ரோன்னு எழுதிட்டு அதுக்கு நேர் எதிரான இசையைப் போடுறோமேன்னு 1817ல ஒரு கடிதத்துல புலம்பியிருக்கார். மெல்ஸெல் 1815ல காப்புரிமை வாங்கின மெட்ரோனோம் கருவி அவருக்கு வரமா தெரிஞ்சது. தன்னோட எட்டு சிம்பொனிகளுக்கும் நிமிடத்துக்கு இத்தனை தட்டுன்னு கணக்கு வெளியிட்டார். ஐந்தாவதோட முதல் பகுதிக்கு 108. வார்த்தை ஏமாத்தும், எண் ஏமாத்தாது. வணிகவியல் படிக்கிற எனக்கு இது ரொம்பவே பிடிச்ச முடிவு!

ஆனா அதே மனுஷன் அதே காலத்துல ஒரு பாட்டோட கையெழுத்துப் பிரதியில, இந்த 100ங்கிற எண் முதல் சில அளவுகளுக்கு மட்டும்தான், உணர்ச்சிக்கும் தனியா ஒரு தாளம் உண்டுன்னு குறிச்சு வெச்சிருக்கார்.

அவர் சொல்றது புரியணும்னா ஏழாவது சிம்பொனியோட முதல் பகுதியைக் கேளுங்க. மெதுவான முன்னுரை முடிஞ்சு விவாச்சே வரும்போது, ஒரு நீளம், ஒரு துக்கடா, ஒரு நடுத்தரம்னு மூணு சுரம் துள்ளித் துள்ளி வரும். அந்தத் துக்கடா சுரத்தை வாசிக்கிறவர் கொஞ்சம் சோம்பி இழுத்தா போதும், துள்ளல் காலி. மெட்ரோனோம் அப்பவும் சரியாத்தான் தட்டிக்கிட்டு இருக்கும். வேகம் அப்படியே இருக்கும், விவாச்சே இருக்காது.