சீனக்குடாவின் 91ஆம் தாங்கி

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவில், காட்டு மரங்களுக்கு நடுவே எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாகத் தலைகாட்டுகின்றன. ஆங்கிலேயர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலிட்டர் கொள்ளும். கட்டியவை 101, இன்று மிஞ்சியிருப்பவை 99.

இல்லாமற்போன இரண்டில் ஒன்றைப் பார்க்கத்தான் வந்தேன். 1942 ஏப்ரல் 9 காலை, ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கின. அவற்றில் ஒன்று 91ஆம் தாங்கியின்மேல் மோதியது. "ஏழு நாள் எரிஞ்சதெண்டு அப்பப்பா சொல்லுவார், ஐயா" என்றார் ஆட்டோக்காரர்.

கிட்டப் போனதும் பிரமித்துப் போனேன். கனத்த உருக்குத் தகடுகள் துணிபோல மடிந்து, சுருண்டு, துருவேறிக் கிடக்கின்றன. மோதிய அடி மட்டும் இப்படிச் செய்யாது. இது நெருப்பின் கைவரிசை. உருக்கு உருக ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸ் வேண்டும். ஆனால் பலத்தில் பாதியை இழக்க 600 பாகையே போதும். எண்ணெய்த் தீ அந்தச் சூட்டை எளிதில் தாண்டிவிடும்.

மோதும் அடியைவிட நெருப்பே பெரிய பகை என்பது வானளாவும் கட்டடங்களுக்கும் பொருந்தும். 1945 ஜூலை 28 அன்று மூடுபனியில் வழிதவறிய பி-25 குண்டுவீச்சு விமானம் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில், 79ஆம் மாடியருகே மோதியது. 14 பேர் மாண்டார்கள், கட்டடம் நின்றது. மோதிய அடியை அதன் உருக்குச் சட்டகம் தாங்கிக்கொண்டது. தீயும் சுமார் 40 நிமிடத்தில் அடங்கியது.

2001 செப்டம்பர் 11இல் உலக வர்த்தக மையத்தின் இரு கோபுரங்களும் விமானங்களின் மோதலைத் தாங்கின. தெற்குக் கோபுரம் 56 நிமிடமும் வடக்குக் கோபுரம் 102 நிமிடமும் நின்றன. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் இறங்கித் தப்பினார்கள். தீக்காப்புப் பூச்சு உதிர்ந்துபோன உருக்கைக் கடைசியில் சாய்த்தது நெருப்புதான்.

சீனக்குடாவில் ஒரு தாங்கிக்கும் அடுத்ததற்கும் நடுவே காடு வளரும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். 91 எரிந்தபோதும் அந்தத் தீ மற்றவற்றுக்குத் தாவவில்லை. ஒன்று போனால் மற்றது நிற்க வேண்டும். ஓரிடத்துத் தீ அடுத்த இடத்துக்குத் தாவக்கூடாது. கொழும்பிலும் சென்னையிலும் மாடிமேல் மாடி எழுப்புகிறவர்கள் இந்த இரண்டையும் மனதில் வைக்க வேண்டும். அடியைத் தாங்கும் தூணுக்குச் செலவிடுவதுபோல், தீயைத் தடுக்கும் பூச்சுக்கும் சுவருக்கும் இறங்கும் படிக்கட்டுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவிட வேண்டும். உயிர்கள் தப்புவது அந்தச் செலவில்தான்.