மகன் காரும் மாப்பிள்ளை காரும்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு ஒரு சைக்கிளும் 12பி பஸ்ஸும் போதுமானதாக இருந்தன. அப்படிப்பட்ட நான் இரண்டு விலை உயர்ந்த கார்களை ஒப்பிட்டு எழுதுவது வேடிக்கைதான். ஆனால் இந்த வேலையை நானாகத் தேடிக்கொள்ளவில்லை. என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அடையாறில் இருக்கும் என் மகனிடம் பி.எம்.டபிள்யூ. எம்340ஐ. தி.நகரில் இருக்கும் மாப்பிள்ளையிடம் ஆடி எஸ்5 ஸ்போர்ட்பேக். இரண்டும் பரம எதிரிகள். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். ரசம் பரிமாறுவதற்குள் பேச்சு காருக்கு வந்துவிடும். "நீங்களே சொல்லுங்க மாமா, எது உசத்தி?" என்பார் மாப்பிள்ளை. "அப்பா நடுநிலையா சொல்லுவார்" என்பான் மகன். மகனுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே நடுநிலை என்று ஒன்று உண்டா என்பது பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்களுக்குத் தெரியும். ஆகவே பழைய ஆபீஸ் வழக்கப்படி, முடிவைத் தள்ளிப்போட ஒரு கோப்பைத் திறந்தேன். 2023 பொங்கலன்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பக்கத்துக்கு நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் மகன் கார், வலது பக்கம் மாப்பிள்ளை கார்.

முதலில் இவற்றின் விசேஷத்தைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் காரில் இன்ஜினின் சக்தி இரண்டு சக்கரங்களுக்குத்தான் போகும். இன்றைய சின்னக் கார்களில் முன் சக்கரங்களுக்கு, பழைய அம்பாசிடரில் பின் சக்கரங்களுக்கு. இந்த இரண்டு கார்களிலும் நாலு சக்கரத்துக்கும் போகிறது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் வண்டியை நகர்த்தும் சக்கரத்துக்கு 'ரூ மோத்ரிஸ்' என்றும், திசை திருப்பும் சக்கரத்துக்கு 'ரூ திரெக்த்ரிஸ்' என்றும் பெயர். இந்தக் கார்களில் நாலுமே மோத்ரிஸ். திரெக்த்ரிஸ் மட்டும் வழக்கம்போல முன்னால் இருக்கும் இரண்டுதான்.

அந்தச் சக்தியைப் பங்கு போடுவதில் வித்தியாசம் இருக்கிறது. மாப்பிள்ளை காரில் சாதாரண ஓட்டத்தில் 40 பங்கு முன்னாலும் 60 பங்கு பின்னாலும் போகும். ஒரு பக்கம் வழுக்கினால் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் தானாகவே இறுகி, பிடிப்புள்ள பக்கத்துக்கு அதிகமாக அனுப்பும். மகன் காரில் பெரும்பங்கு பின்னால்தான். தேவைப்படும்போது உள்ளே இருக்கும் கணினி ஒரு கிளட்சை இறுக்கி முன் சக்கரங்களுக்கும் கொடுக்கும். மருமகள் இதைச் சுருக்கமாகச் சொன்னாள்: "நம்ம வண்டி பின்னாலேர்ந்து தள்ளுது மாமா. அவங்க வண்டி நாலு காலாலயும் நடக்குது."

அடுத்தது விலை. இரண்டு மாடலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2021 மார்ச்சில், சில நாள் இடைவெளியில். அப்போதைய ஷோரூம் விலை மகன் காருக்கு 62.90 லட்சம், மாப்பிள்ளை காருக்கு 79.06 லட்சம். குதிரைத் திறனைப் பார்த்தால் விலை குறைந்த வண்டிக்குத்தான் அதிகம்: 387. மற்றதற்கு 354. பிறகு ஏன் 16 லட்சம் வித்தியாசம்? சுங்கவரி. மகன் காரின் பாகங்கள் தனித்தனியாக வந்து, செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் நடக்கும் தொழிற்சாலையில் பூட்டப்பட்டவை. மாப்பிள்ளை கார் ஜெர்மனியிலிருந்து முழுசாகக் கப்பலேறி வந்தது. அந்த மாதிரி வரும் விலை உயர்ந்த காருக்கு அப்போது நூற்றுக்கு நூறு சுங்கம். போதாததற்கு நம் மாநிலத்தில் அன்றைக்குச் சாலை வரி 15 சதவீதம். ஒருவர் ஒன்பது லட்சத்துக்கு மேலும், மற்றவர் பன்னிரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும் வரி மட்டுமே கட்டியிருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்றபோது வாங்கிய பணிக்கொடையைவிட இரண்டுமே அதிகம். தி.நகரில் ஆடி என்றால் தள்ளுபடி என்று அர்த்தம். இந்த ஆடிக்கு அது பொருந்தாது.

ஊருக்குள் இரண்டும் லிட்டருக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் கொடுக்கின்றன. இதில் சண்டையே இல்லை. டயரில்தான் கணக்கு மாறுகிறது. மகன் காரில் பின் டயர் அகலம் அதிகம், முன் டயர் குறைவு. அதனால் தேய்மானம் சமமாகட்டும் என்று முன்னதைப் பின்னால் மாற்றிப் போட முடியாது. மாப்பிள்ளை காரில் நாலும் ஒரே அளவு, மாற்றலாம். ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்குப் பொதுவாக ஒரு தொல்லை உண்டு. மூன்று பழைய டயரோடு ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால், அது சற்றுப் பெரிதாக இருப்பதால் நடுவில் இருக்கும் யந்திரத்துக்கு ஓயாத வேலை. எனவே ஒன்று கிழிந்தாலும் குறைந்தது இரண்டாக வாங்க வேண்டும்.

இவ்வளவு சக்தியை வைத்துக்கொண்டு நம் ஊரில் என்ன செய்வது? 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை கார்களுக்கு 60 கிலோமீட்டர், குடியிருப்புப் பகுதிகளில் 30 என்று வேக வரம்பு வைத்தது. 100 கிலோமீட்டரைத் தொட மகன் காருக்கு 4.4 வினாடி, மாப்பிள்ளை காருக்கு 4.8 வினாடி என்று கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள். 60 வருவதற்கு இரண்டுக்கும் மூன்று வினாடிகூட வேண்டாம். அதற்குப் பிறகு சட்டம் வந்துவிடும். மெட்ரோ வேலை தொடங்கிய பிறகு லஸ்ஸிலிருந்து பனகல் பார்க் போவதற்குள் நான் ஒரு வார இதழைப் படித்து முடித்துவிடுகிறேன். வேகத்தடை வந்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான்: வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்குவார்கள்.

"நாலு சக்கரமும் மழைக்குத்தான் மாமா" என்றார் மாப்பிள்ளை. ஈரமான ரோட்டில் பிடிப்பு அதிகம் என்பது உண்மை. ஈ.சி.ஆரில் ஒரு ஐப்பசி மழையில் அவர் காரில் போனபோது, பின்சீட்டில் எனக்கு மழை பெய்வதே தெரியவில்லை. ஆனால் சென்னை மழை ரோட்டை நனைப்பதோடு நிற்பதில்லை. தேங்கிய நீர் காற்று போகும் வழியாக இன்ஜினுக்குள் போய்விட்டால், எத்தனை சக்கரம் இழுத்தாலும் பயனில்லை. 2015இல் அடையாறு ஆறு செய்ததைப் பார்த்த மகன், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு முந்தின நாளே நண்பர் அலுவலகத்தின் மேல்தளத்தில் வண்டியை ஏற்றி வைத்தான். மாப்பிள்ளை தணிகாசலம் சாலை அடுக்குமாடிப் பார்க்கிங்கில் விட்டார். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்றதை டி.வி.யில் எல்லாரும் பார்த்தோமே, அதே கதைதான். நல்ல மழை நாளில் இரண்டு கார்களும் ஓய்வில் இருந்தன. மகளின் பன்னிரண்டு வயதுச் சின்ன காரும் வாசலில் நனைந்துகொண்டு நின்றது.

மற்ற சில்லறை விவரங்கள். மாப்பிள்ளை காரின் கூரை பின்னால் சரிவாக இறங்குகிறது, ஏறும்போது என் தலை இடிக்கும். மகன் காரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மாப்பிள்ளை காரின் டிக்கி பின் கண்ணாடியோடு சேர்ந்து முழுசாகத் திறக்கும். மார்கழிச் சீசனுக்கு மடக்கு நாற்காலி, நவராத்திரிக்குக் கொலுப்படி எல்லாம் அதில்தான் போகும்.

சரித்திரத்தையும் சேர்க்காவிட்டால் கோப்பு முழுமையாகாது. ஆடி கம்பெனி தன் 'குவாட்ரோ' காரை 1980இல் ஜெனீவா கண்காட்சியில் காட்டியது. பி.எம்.டபிள்யூ. தன் முதல் நாலு சக்கர இழுவைக் காரை 1985இல்தான் கொண்டுவந்தது. குவாட்ரோவின் பெயரை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் ஒருவர் பிரெஞ்சுப் பெண்மணி மிஷேல் மூத்தோன். தமிழில் மூத்தோன் என்றால் பெரியவர், பிரெஞ்சில் செம்மறியாடு! 1981இல் இத்தாலியின் சான்ரெமோ ராலியில் ஜெயித்து, உலக ராலி பந்தயம் ஒன்றில் வென்ற முதல் பெண் ஆனார். 1982இல் மூன்று ராலிகளில் ஜெயித்து, உலகப் போட்டியில் இரண்டாவதாக வந்தார். முதலிடம் வந்த வால்டர் ரோல் அந்த வருஷம் ஓட்டியது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் ஓப்பல் கார். ஆகவே நாலு சக்கரமும் இழுத்தால்தான் ஜெயிக்கலாம் என்றும் இல்லை. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோடு அலியான்ஸ் பிரான்சேஸில் பழைய பத்திரிகைகளைப் புரட்டிய நாட்களில் அந்த அம்மாளைப் பற்றிப் படித்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் சொன்னபோது மிகவும் சந்தோஷப்பட்டார். அவர் கார் மேல் ஒரு புள்ளி கூடியதே!

2024 ஆகஸ்டில் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் மனைவி சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தாள். எழுந்து நிற்க முடியவில்லை, கால் தள்ளாடியது. மகன் ஆபீஸ் வேலையாகப் புனேயில். மாப்பிள்ளை சிங்கப்பூரில். நான் இரண்டு வீட்டுக்கும் போன் செய்தேன். இருபது நிமிஷத்தில் மருமகள் மகன் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு பேருமாக அவளைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தோம். ஆஸ்பத்திரியில் சோடியம் குறைந்துவிட்டது என்றார்கள். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றும் சொன்னார்கள். நான்கு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மகள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. அவளுடைய சின்ன காரில் பேட்டரி உயிரை விட்டிருந்தது. அந்த நேரத்தில் ஆட்டோ கிடைக்கவில்லை, உஸ்மான் ரோடு வரை நடந்து வந்து பிடித்திருக்கிறாள். அவள் வீட்டு பேஸ்மென்ட்டில் 354 குதிரைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

"உங்க வண்டிய எடுத்துட்டு வந்திருக்கலாமேம்மா?" என்றேன்.

"அது அவர் வண்டிப்பா. நான் தொட்டதில்ல. ஒரு கீறல் விழுந்தா அப்புறம் யார் பேச்சு கேக்கறது? சாவி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது."

பதினைந்து வருஷமாகத் தினமும் தி.நகர் நெரிசலில் கார் ஓட்டுகிறவள் அவள். அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, அம்மாவுக்கு முதலில் தான் வரவில்லையே என்று அழுதாள்.

மனைவி தேறி, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மறுபடி ஆரம்பித்தது. கோப்பை முடிக்க வேண்டிய நேரம் என்று தோன்றியது. ஆபீஸில் நோட் போடுகிற பாணியிலேயே ஒரு தாளில் எழுதி, மோர் சாதத்துக்குப் பிறகு மாப்பிள்ளை கையில் கொடுத்தேன்.

1. விலை: மகன் கார் மேல்.
2. வேகம்: 60க்கு மேல் சட்டம் அனுமதிக்காததால் இரண்டும் சமம்.
3. ஈர ரோட்டில் பிடிப்பு, டயர், டிக்கி: மாப்பிள்ளை கார் மேல்.
4. வயதானவர்கள் ஏறி இறங்க: மகன் கார் மேல்.
5. இரண்டாவது சாவி: மகன் வீட்டில் வண்டி வந்த நாள் முதல் ஹால் ஆணியில் தொங்குகிறது. மாப்பிள்ளை வீட்டில்: தகவல் தேவை.

குறிப்பு: தமிழில் சொந்தக்காரர் என்றால் உடைமைக்காரர், உறவினர் இரண்டும்தான்.

மாப்பிள்ளை ஐந்தாவது வரியில் வெகுநேரம் நின்றார். "அவதான் மாமா, பெரிய வண்டி வேண்டாம்னு சொல்லுவா."

"நீங்க சாவியைக் கொடுத்துக் கேட்டீங்களா, மாப்பிள்ளை?"

சமையலறை வாசலிலிருந்து என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மாப்பிள்ளையை யாராவது இப்படிக் கேட்பார்களா? அவர் பதில் சொல்லவில்லை. கோபமாகவும் இல்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த இரண்டு ஞாயிறு வேலை என்று வரவில்லை. அந்த இரண்டு வாரமும் வீட்டில் எனக்குக் கிடைத்த காபியின் ருசி வேறு.

மூன்றாவது வாரம் மகள் போன் செய்தாள். "அப்பா, விடியக்காலம் அஞ்சரைக்கு ஈ.சி.ஆர். போனோம். கோவளம் வரைக்கும் நான்தான் ஓட்டினேன். பக்கத்துல உக்காந்துட்டு அவர் வாயே திறக்கல, கைப்பிடியை மட்டும் விடல" என்று சிரித்தாள். வண்டி எப்படி என்று கேட்டேன். "நிஜமாவே நல்லாத்தான் இருக்குப்பா. இவ்வளவு நாள் இதைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாம போச்சு."

அந்த வருஷம் நவராத்திரிக்கு அம்மாவுக்குப் பொம்மை வாங்க வடக்கு மாட வீதிக்கு அவளே அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். நிறுத்த இடம் தேடியே இருபது நிமிஷம் ஆயிற்று. பெரிய டிக்கியில் ஒரு தசாவதார செட்டும் இரண்டு படிப்பலகையும் வைக்கோலோடு ஏறின. திரும்பும்போது நடைபாதைக் கல்லில் முன் சக்கரம் உரசியது. மாப்பிள்ளை குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாராம். இரண்டு நாள் பேச்சு கொஞ்சம் குறைவாக இருந்ததாம். மூன்றாம் நாள், அடுத்த வாரம் சர்வீசுக்கு வண்டியை நீயே கொண்டுபோய் விட்டுவிடு என்று சொன்னாராம்.

நோட்டுப் புத்தகத்தில் வலது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்: இடது முன் சக்கர விளிம்பில் கீறல், ஒன்று. ஓட்டியவர்: மகள்.