கப்பல் எந்தப் பக்கம் போனது?

போர் நேரத்தில் அரசுக்குக் கைதட்டுவதைப் போல எளிதான காரியம் வேறில்லை. எதிர்க்கட்சிக்கும் அதுதான் வசதி. 1982 ஏப்ரல் 2 அன்று பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா கைப்பற்றியதும் பிரிட்டனின் காமன்ஸ் சபை கிட்டத்தட்ட ஒரே குரலில் பேசியது. அந்தக் குரலோடு சேராத சிலரில் ஒருவர் தொழிற்கட்சியின் ஸ்காட்லாந்து உறுப்பினர் டாம் டியெல். கட்சியின் அறிவியல் துறைப் பேச்சாளராக இருந்தவர். போரை எதிர்த்ததற்காக அந்தப் பொறுப்பு பறிபோயிற்று. பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். கேள்வி கேட்கும் உரிமையை மட்டும் யாராலும் பறிக்க முடியவில்லை.

மே 2 அன்று ‘கான்கரர்’ என்ற பிரிட்டிஷ் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல், ‘ஜெனரல் பெல்கிரானோ’ என்ற அர்ஜென்டினப் போர்க்கப்பலை டார்பிடோவால் அடித்து மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். கட்டாய ராணுவச் சேவைக்கு அழைத்து வரப்பட்ட இளைஞர்கள் பலர் அதில் இருந்தார்கள். உயிர் தப்பியவர்கள் உறையவைக்கும் குளிரில், புயலடிக்கும் கடலில், ரப்பர் மிதவைகளில் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். தீவுகளைச் சுற்றி பிரிட்டன் அறிவித்திருந்த 200 கடல் மைல் தடை வளையத்துக்கு வெளியேதான் கப்பல் அடிபட்டது. இரண்டு நாள் கழித்துப் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் சபையில் எழுந்து, அந்தக் கப்பல் நம் படையை நெருங்கிக்கொண்டிருந்தது என்றார். அன்றே ‘ஷெஃபீல்ட்’ கப்பல் அர்ஜென்டின ஏவுகணையில் சிக்கி 20 பிரிட்டிஷ் மாலுமிகள் இறந்தார்கள். அந்தத் துக்கத்தில் நாட் சொன்னதைத் துருவிப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

டியெல் துருவினார். பெல்கிரானோ பல மணி நேரமாக மேற்கே, சொந்த நாட்டுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது என்பது மெல்ல மெல்ல வெளியே வந்தது. கப்பலை முதலில் பார்த்தது எத்தனை மணிக்கு? தாக்கும் உத்தரவை மாற்றியது யார், எப்போது? பெரு நாட்டின் அதிபர் பெலாண்டே முன்வைத்த சமாதான யோசனை லண்டனுக்கு எப்போது தெரியும்? சபைப் பதிவேடான ஹன்சார்டில் இந்தக் கேள்விகளைப் படிக்கும்போது அவற்றின் எளிமைதான் என்னை ஈர்க்கிறது. போர் அறமா அநியாயமா என்று கேட்டால் அமைச்சர் அரைமணி நேரம் முழங்கலாம். மணியையும் திசையையும் கேட்டால் முழங்க முடியாது. தெரிந்ததைச் சொல்ல வேண்டும், அல்லது பொய் சொல்ல வேண்டும். பின்வரிசைக்காரர் கையில் வேறு ஆயுதம் கிடையாது. பிரதமரிடம் கேட்க அந்தக் காலத்தில் செவ்வாயும் வியாழனும் கால்மணி நேரம்தான். அதிலும் சபாநாயகர் அழைத்தால்தான் வாய் திறக்கலாம். மீதிக்கு எழுத்துமூலக் கேள்வி. ஒரு பதிலில் சின்ன ஓட்டை தெரிந்தால் அதைப் பிடித்து அடுத்த கேள்வி. சலித்துக்கொண்டார்கள், கிறுக்கு என்றார்கள். பிரதமர் மார்கரெட் தாட்சரைப் பொய்யர் என்று சொன்னதற்காகச் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டதும் உண்டு. அவர் விடவில்லை.

பலன் வந்தது. கப்பலைத் தாக்குவதற்கு முந்தின நாளே பார்த்துவிட்டோம் என்று 1984இல் அரசு ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதே ஆண்டு பாதுகாப்பு அமைச்சக அதிகாரி கிளைவ் பான்டிங் பெல்கிரானோ பற்றிய சில ஆவணங்களை டியெலுக்குத் தபாலில் அனுப்பினார். அவை நாடாளுமன்ற வெளியுறவுக் குழுத் தலைவர் கைக்குப் போக, அவர் அவற்றை அமைச்சகத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்! அரசைக் கண்காணிக்க வேண்டிய குழு இப்படிச் செய்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. பான்டிங் மீது ரகசியச் சட்டத்தில் வழக்கு. அன்றைய அரசு எதைப் பொதுநலன் என்கிறதோ அதுவே பொதுநலன் என்ற பொருளில் நீதிபதி விளக்கினார். ஆனாலும் 1985 பிப்ரவரியில் ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். 1989இல் வந்த புதிய ரகசியச் சட்டம், பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்று வாதாடும் வழியையே அடைத்துவிட்டது.

டியெல் எல்லாவற்றிலும் சரியில்லை. சமாதானத்தைக் கெடுக்கவே தாட்சர் கப்பலை மூழ்கடித்தார் என்று அவர் நம்பினார், அது நிரூபணமாகவில்லை. உயிர் தப்பிய கப்பல் தலைவர் எக்டர் பான்சோவே, தாக்குதல் போர் விதிகளுக்கு உட்பட்டதுதான் என்று பின்னாளில் சொன்னார். இதைக் காட்டி டியெலின் உழைப்பே வீண் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாக்கியது நியாயம் என்றால், கப்பல் போன திசையை முதல் நாளே சபையில் சொல்லியிருக்கலாமே? கப்பலை எப்போது பார்த்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வைக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆயிற்று. அதற்குள் ஒரு பொதுத்தேர்தலே நடந்து முடிந்திருந்தது.